முள்

துறைமுகத்தில் என் வேலை எடை போடுவது.
வார்டோவில் காட் மீன் கரையேறும் மாதங்களில்
ஒரு நாளைக்கு முப்பது டன் என் கையைத் தாண்டிப் போகும்.
தொட்டியின் எடையைக் கழி,
பனிக்கட்டியைக் கழி,
அடியில் தேங்கிய தண்ணீருக்கும் கொஞ்சம் கழி.
மிச்சம்தான் மீன்.
இருபத்திரண்டு வருஷமாகக் கழித்துக்கொண்டிருக்கிறேன்.
எந்தப் படகுக்காரனும் சண்டைக்கு வந்ததில்லை
ஹால்வார்ட் ஒருவனைத் தவிர.
அவன் மீனோடு மழையையும் சேர்த்து விற்பவன்.

வீட்டில் ஒரு குளியலறைத் தராசு,
முள் வைத்த பழைய மாதிரி.
சூரியன் இரண்டு மாதத்துக்கு விடைபெற்றுப் போன நவம்பர் வாரத்தில்
டாக்டர் முகத்தைச் சுளித்ததால் வாங்கினேன்.
முள் தொண்ணூறைத் தொட்டுக்கொண்டு நின்றது.
அன்றிலிருந்து காப்பிக்கு முன்னால் அதன்மேல் ஏறுவது,
மூச்சை வெளியே விட்டுவிட்டு,
மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு.
(நாலு கிராம். முள் இம்மியும் அசையாது.
எனக்குத் தெரியாதா? இருந்தும் கழற்றினேன்.)

செவ்வாயும் வெள்ளியும் பள்ளிக்கூட ஜிம்.
இரும்புக் குண்டைத் தொடைகளுக்கு நடுவே ஊசலாட்டச் சொல்லி
யோருன் கத்துவாள்.
மற்ற நாட்களில் பனிக்கட்டிக் கோபுரத்தின் படிகள்,
அறுபத்தொன்று.
முதல் நாள் மூன்று இடத்தில் நின்றேன்,
கடலைப் பார்ப்பவள்போல.
அந்த இருட்டில் எந்தக் கடலைப் பார்ப்பது?

டிசம்பர் முழுக்க முள்
என்னைவிடப் பிடிவாதமாக இருந்தது.
மீனில் முள்ளை எடுத்துப் போட்டுவிட்டுத் தின்கிறோம்.
தராசில் நான் முள்ளை மட்டும் தின்றேன்,
ஒவ்வொரு காலையும்,
தொண்டையில் சிக்கும்வரை.

கிறிஸ்துமஸுக்கு உப்பிட்ட ஆட்டு விலா.
மறுநாள் ஒன்றரைக் கிலோ கூடியிருந்தது.
உப்பு தண்ணீரைப் பிடித்து வைக்கும்;
ஒரு ராத்திரியில் ஏறுவது ஒரு ராத்திரியில் இறங்கும்.
இந்தத் தீவில் இதை என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்?
ஊரார் மீனில் நீரைக் கழிப்பவள்
குளியலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன்.
அதுவும் தண்ணீர்தான். அதற்கும் எடை உண்டு.

பிப்ரவரியில் ஒரு நாள் ஹால்வார்ட் வந்தான்.
நாலு தொட்டி மீன், ஏழு தொட்டிக் கோபம்.
"ஓட்ஹில்ட், எட்டு சதவீதம் கழிப்பது அநியாயம்."
மேலே குழாய் உறைந்துவிட்டது என்று யாரோ கூப்பிட,
நான் படியேறினேன்.
அவன் விடாமல் பின்னாலேயே.
எட்டு ஏன், ஒன்பதே கழித்திருப்பேன் என்றேன்,
உன் அப்பாவும் இப்படித்தான் என்றேன்,
போன வருஷம் தொட்டிக்கடியில் நீ வைத்த கல்லை மறந்துவிடவில்லை என்றேன்.
பதில் இல்லை.
திரும்பிப் பார்த்தால்
முப்பதாவது படியில் கம்பியைக் கட்டிக்கொண்டு நிற்கிறான்,
கடலைப் பார்ப்பவன்போல.
நான் மேல்படியில்.
திட்டுவதற்கு இன்னும் மூச்சு மிச்சமிருந்தது.

அன்றிரவு எல்லோரும் போனபின்
துறைமுகத்தின் பெரிய தராசில் ஏறினேன்,
பூட்ஸோடு, எண்ணெய்த்துணிக் கோட்டோடு.
சீட்டு அச்சாகி வந்தது: தொண்ணூற்றைந்து.
பூட்ஸைக் கழித்தேன், கோட்டைக் கழித்தேன்.
வந்தது வீட்டு முள் சொன்னதேதான்,
நவம்பரைவிட ஒரு கிலோ குறைவு.
ஒரு காட் மீனின் தலை.
தராசு பொய் சொல்லவில்லை.
கேட்டதற்குப் பதில் சொல்கிறது, அவ்வளவுதான்;
படிகளைப் பற்றி அதனிடம் யாரும் கேட்கவில்லை.
சீட்டில் "இனம்" என்ற கட்டத்தைக் காலியாக விட்டேன்.

மறுநாள் காலையும் ஏறினேன். பழக்கம்.
மோதிரம் கழலவில்லை,
விரல் வீங்கியிருந்தது, முந்தின இரவு கருவாடு.
அப்படியே ஏறி நின்றேன்.
முள் கொஞ்சம் ஆடி, எங்கோ நின்றது.
எங்கே என்று சொல்லப் போவதில்லை.
காப்பி கொதித்துவிட்டது.