பதினாறு அடி நிழல்

வாங்க வந்த எங்ஸ்ட்ராம் வீட்டுப் பையன்
டிரெய்லரை இரண்டு சுற்றுச் சுற்றினான்.
டயரை உதைத்தான்.
குளியலறைத் தரையை முழங்காலால் அழுத்திப் பார்த்தான்.
பிறகு பக்கவாட்டில் சுருண்டிருந்த துணியை அண்ணாந்து,
"இந்தச் சாய்ப்பால் பிரயோஜனம் உண்டா?" என்றான்.

இருபத்தாறு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவன் நான்.
கேட்டால் கணக்கோடுதான் பதில்.
நோட்டை எடுத்தேன்.

விலை ஆயிரத்து நூறு டாலர்.
ஒன்பது கோடைகளில் விரித்தது நாற்பத்தொரு மணி நேரம்.
ஒரு மணி நிழலுக்கு
இருபத்தாறு டாலர், எண்பத்து மூன்று காசு.
மரத்தடி என்றால் இலவசம்.
ஆனால் தெற்கு டகோட்டாவில் எங்கள் பக்கம்
இரண்டு மைலுக்கு ஒரு மரம்,
அதன் கீழும் ஏற்கனவே மாடு நிற்கும்.

காற்றைச் சொல்ல வேண்டும்.
ஒரு ஜூன் இரவு இரண்டரை மணிக்கு
நானும் டொரீனும் உள்ளாடையோடு வெளியே ஓடி
ஆளுக்கொரு இரும்புக் கம்பியில் தொங்கினோம்.
பக்கத்து வண்டிக்காரனுடையது
கூரையைத் தாண்டி அந்தப் புறம் விழுந்து கிடந்தது,
செத்த நாரை போல, கால் இரண்டும் வானத்தில்.
எங்களுக்கு ஒரு கம்பி வளைந்ததோடு சரி.
நூற்று நாற்பது டாலர்.
"வெர்லின், அதை நோட்டில் ஏற்றாதே."
ஏற்றினேன்.
முப்பது டாலர், இருபத்து நான்கு காசு என்று திருத்தினேன்.

மழையென்றால் நடுவில் குளம் கட்டும்.
ஒருமுறை விளக்குமாற்றால் கீழிருந்து குத்தினேன்,
குளம் மொத்தமும் என் சட்டைக்குள் இறங்கியது.
டொரீன் சிரித்த நேரத்தைக் குறித்து வைக்கவில்லை.

இன்னொரு மழை.
எதிர்க் கூடாரத்தில் தண்ணீர் புகுந்து
ஒரு பெண்ணும் இரண்டு பிள்ளைகளும்
ரொட்டிப் பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்தபடி நின்றார்கள்.
உள்ளே வாருங்கள் என்றால் வந்திருக்க மாட்டார்கள்.
முன்பின் தெரியாதவன் கதவுக்குள் யார் நுழைவார்?
துணிக்குக் கீழே வந்தார்கள்.
உள்ளும் இல்லாத, வெளியும் இல்லாத இடம் அது.
மூன்று மணி நேரம் சீட்டாடினோம்.
சின்னவன் கள்ளாட்டம் ஆடினான், விட்டுவிட்டோம்.
யாரும் பேர் கேட்டுக்கொள்ளவில்லை.
நாற்பத்தொன்றில் அந்த மூன்றும் அடக்கம்.

பையன் காத்திருந்தான்.
துணியை ஒரு முழம் இறக்கிக் காட்டினேன்.
வெயில் குடித்த வெளிச்சுற்று சாம்பல்,
உள்ளே போகப் போக வாங்கிய அன்றைய பச்சை.
"அதிகம் விரிக்கவில்லை போல."
"காற்று," என்றேன்.

அவன் இருநூறு குறைத்துக் கேட்டான்,
துணியை நீங்களே கழற்றிக்கொள்ளுங்கள் என்று.
நான் யோசிக்குமுன்
டொரீன் படியிறங்கி அவன் கையைக் குலுக்கிவிட்டாள்.

இப்போது அது கராஜில் நீளவாக்கில் கிடக்கிறது,
காரை முழுதாக உள்ளே விட முடியவில்லை.
வீட்டின் எந்தச் சுவரில் மாட்டுவது என்று
தினமும் சாப்பாட்டு நேரத்தில் பேசுகிறோம்.
அவளுக்கு மேற்கில் வேண்டும், சாயங்காலம் உட்கார.
காற்று வருவதும் அங்கிருந்துதான்.