இருட்டுப் போத்தல்

வெள்ளவத்தைக் கால்வாய் கடலைத் தொடும் இடத்தில்
ரயில் பாலத்துக்கு இப்பால்
கயிற்றில் வாளியை இறக்குகிறார் யூஜின்.
காலை ஆறு பத்து.
பாணந்துறை வண்டி கடந்து முடியும்வரை
வாளி நீரைத் தொடாமல் ஆடிக்கொண்டிருக்கிறது.

மேலே வந்தது ஒரு நகரத்தின் கழுவல்.
அரிசி களைந்தது, சட்டி தேய்த்தது,
சலூன்காரர் சீப்பை அலசியது,
கக்கூஸ் குழாயில்
யாரும் பேர் சொல்லாமல் அனுப்பியது.
வடிகட்டிப் பிடித்தால்
ஆறிப்போன பிளேன்டீயின் நிறம்.
"இதுக்கு சீனி மட்டுந்தான் குறை" என்கிறார்.
பதினொரு வருஷமாக அதே பகிடி.
பதினொரு வருஷமாக நான் சிரிக்கிறேன்.

ஆய்வுகூட மொட்டை மாடியில்
தண்ணீர்த் தாங்கிகளுக்கும் காகங்களுக்கும் நடுவே
குவார்ட்ஸ் குழாய்களைக் கிடத்துகிறேன்.
சாதாரணக் கண்ணாடி ஆகாது,
வெயிலின் கூரான பகுதியை அது
வாசலிலேயே மறித்துவிடும்.
ஒவ்வொரு குழாய்க்கும் பக்கத்தில்
வெள்ளித்தாள் சுற்றிய ஒரு போத்தல்.
அதே நீர், அதே சூடு,
வெயில் மட்டும் இல்லை.
ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று வேண்டுமே.

நிறமுள்ளது எதுவோ அதுதான் வெயிலைப் பிடிக்கிறது.
பிடித்ததனால் உடைகிறது.
உடையும் முன் பக்கத்திலிருக்கும் பிராணவாயுவை
உசுப்பிவிடுகிறது,
அது போய் இன்னொன்றைக் கடிக்கிறது.
நீண்டவை துண்டாகின்றன.
சில துண்டுகள் காற்றாகிப் போகின்றன,
சில, கண்ணுக்குத் தெரியாத வாய்களுக்குச் சாப்பாடு.
வெள்ளைச் சட்டையை இன்னும் வெள்ளையாய்க் காட்டவென
சவர்க்காரத் தூளில் இட்ட மினுக்கம்
மத்தியானத்துக்குள் மங்கத் தொடங்கும்.
நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது.
காகம் ஒன்று தாங்கியில் மூக்கைத் தீட்டும்,
அவ்வளவுதான்.
ஐந்தாம் நாள்
பிளேன்டீ வெந்நீராகியிருக்கிறது.
தாளைப் பிரித்தால் மற்றது
ஏறக்குறைய அந்தக் காலைபோலவே.

கால்வாயில் அப்படியல்ல.
ஒரு சாண் இறங்குமுன் வெயில் களைத்துவிடும்.
அதற்குக் கீழே,
ஆகாயத்தாமரைக்குக் கீழே,
கொங்கிறீட் மூடிய கான்களுக்குள்ளே
தாள் சுற்றிய போத்தல்தான் கொழும்பு முழுக்க.
இதை அறிக்கையில் எழுத முடியாது.

ஆறாம் நாள் மருந்துகளைத் தேடினோம்.
மூட்டுவலிக்காரர்கள் விழுங்குவது
இருட்டில் மலைபோல் எழுந்து நின்றது,
வெயில் பட்டதில் புற்றடி உயரம்கூட இல்லை.
றிஸ்மியா கைதட்டினாள்.

அடுத்த கூர் சரியவில்லை.
வெளிச்சத்திலும் இருட்டிலும் ஒரே உயரம்.
பெயரைத் திரை காட்டுமுன்பே எனக்குத் தெரியும்.
காலை ஒன்று, இரவு இரண்டு,
பத்தொன்பது வயதில் பம்பலப்பிட்டி பஸ் தரிப்பில்
நாக்கைக் கடித்துக்கொண்டு விழுந்த நாளிலிருந்து.

"வலிப்புக்குக் குடுக்கிறது இது," என்றாள்,
"வெயிலுக்கு மசியாது போல."
"மசியும்," என்றேன். "மெல்ல.
மாசக்கணக்கில்."
என் குரல் ஒழுங்காகத்தான் இருந்தது.

நான் இருப்பது கிருலப்பனை,
கால்வாயின் மேல்பக்கம்.
அந்தக் கூரில் என் பங்கு எவ்வளவென்று
கணக்குப் போடத் தெரியும்.
போடவில்லை.

அன்றிரவு மாத்திரை அட்டையைக் கிழித்தபோது
அதே வெள்ளித்தாளின் சத்தம்.

திங்கட்கிழமை, வாளி ஆடிக்கொண்டிருக்கையில்,
யூஜினிடம் சொன்னேன்.
வண்டி போய்க்கொண்டிருந்தது,
கேட்டதோ என்னவோ.
கடைசிப் பெட்டியும் போனபின்
கயிற்றைத் தளர்த்தினார்.
நீர் மேலே வந்தது, அதே நிறம்.
சீனியைப் பற்றி
அவர் ஒன்றும் சொல்லவில்லை.