வாயசைப்பு

'உள்ளாட்சியில் பெண்கள்', அலகு நான்கு.
அந்த வகுப்பைக் கட் அடித்துவிட்டுத்தான்
கானாடுகாத்தானுக்குப் பஸ் ஏறினோம், நானும் உமையாளும்.
கட்டணமில்லாச் சீட்டைக் கிழித்துக்கொண்டே
'ஷூட்டிங் பாக்கவும் ஓசியா?' என்றார் கண்டக்டர்.
பதில் இருந்தது.
இறங்கி அரை கிலோமீட்டர் நடந்த பிறகு வந்தது.

கூட்டத்தில் நிற்க ஆணுக்கு எழுநூறு,
பெண்ணுக்கு ஐநூறு.
ஏன் என்று உமையாள் கேட்டாள்.
'அவங்க வெயில்ல நிக்கணும்லமா' என்றார் ஏஜெண்ட் சவரிமுத்து.
அந்த வெயிலில்தான் எல்லாரும் நின்றோம்.
எழுபது அறை வீடு.
எங்களுக்கென்று ஒரு கழிப்பறை திறக்கவில்லை.
தண்ணீர் குடிக்காமல், மதியம் வரை,
ஆத்தங்குடிக் கல்லில் பூக்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அவர் வந்தார்.
இரண்டு வருடமாக என் லாக் ஸ்கிரீனில் இருப்பவர்.
நேரில் கொஞ்சம் குள்ளம். பரவாயில்லை.
பஞ்சாயத்துக் காட்சி. வளவின் நடுவில் நின்று சொல்கிறார்:
'பொம்பளைய மதிக்காத ஊர்ல மழை பெய்யாதுடா!'
கிரேன் மேலே போகிறது.
'மஞ்சச் சுடிதார், அழுங்க' என்கிறார் உதவி இயக்குநர்.
முதல் மூன்று டேக்கும் கிளிசரின்.
நாலாவதில் எனக்கு நிஜமாகவே வந்துவிட்டது.
இதை உமையாளிடம் இன்னும் சொல்லவில்லை.

கதாநாயகி தூணோரம் நின்றாள்.
மும்பையோ போபாலோ, தமிழ் தெரியாது.
அவளுக்கு ஒரே ஒரு வரி.
கண் கலங்க, உதடு நடுங்க அவள் சொன்னது
'ஒன், டூ, த்ரீ, ஃபோர்.'
பின்னால் யாரோ குரல் கொடுப்பார்களாம்.

எழுதும்போதுதான் கவனிக்கிறேன்,
அவரை அவர் என்கிறேன், அவளை அவள்.

பதினோரு டேக்.
அவர் மழையை நிறுத்தினார்.
இவரும் எண்ணி முடித்தார்.

அக்டோபர் இரண்டு. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம்.
பதினெட்டு முடிந்து என் முதல் கிராம சபை.
நடு நாற்காலியில் தலைவர் சௌந்தரவல்லி.
நாற்காலி போடாத இடத்தில் நாற்காலி போட்டு
அவருடைய கணவர் கருப்பையா.
தெருவிளக்கைக் கேட்டால் கருப்பையா பேசினார்.
குடிநீரைக் கேட்டால் கருப்பையா பேசினார்.
தலைவரின் உதடு அசையத் தொடங்கும்,
அதற்குள் குரல் பக்கத்திலிருந்து வந்துவிடும்.

எழுந்தேன்.
உள்ளங்கை வியர்த்து மைக் வழுக்கியது.
டவுன் பஸ் பாலத்தோடு திரும்பிவிடுகிறது,
ரெண்டு கிலோமீட்டர் நடக்கிறோம்,
ஒன்பது பொண்ணுங்க, என்றேன்.
'டெப்போல பேசிருவோம்மா' என்றார் கருப்பையா.
நான் தலைவரைக் கேட்டேன், என்றேன்.
சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகம்.
யாரோ சிரித்தார்கள். யாரோ
'சினிமாவுல நிக்கப் போச்சே, அந்தப் புள்ள' என்றார்கள்.

சௌந்தரவல்லி தலைப்பை இழுத்துச் செருகினார்.
'எட்டு இருபது' என்றார்.
மைக் கீச்சிட்டது. மறுபடி சொன்னார்.
'எட்டு இருபது வண்டி. முந்தி ஊருக்குள்ள வரும்.
எம் மக அதுலதான் போனா.
அஞ்சு மாசமா வரல.
அவ படிப்ப நிறுத்திட்டோம்.'

'நிறுத்திட்டோம்' என்று சொல்லும்போது
பக்கத்து நாற்காலியைப் பார்க்கவில்லை.
நாங்கள் எல்லாரும் பார்த்தோம்.

பஸ் இன்னும் வரவில்லை. மனு போயிருக்கிறது.
கண்டக்டருக்கு வைத்திருந்த பதில் அப்படியே இருக்கிறது,
அவர்தான் வேறு ரூட்டுக்கு மாறிவிட்டார்.
படம் பொங்கலுக்கு. முதல் நாளே போவோம்.
உமையாள் என்னைவிட நன்றாக விசில் அடிப்பாள்.
லாக் ஸ்கிரீனை மாற்றவில்லை, கேட்காதீர்கள்.

ஐநூறில் முந்நூறுதான் கைக்கு வந்தது.
மீதிக்கு வாராவாரம் சவரிமுத்துவுக்குப் போன் போடுகிறேன்.
'யாரு, மஞ்சச் சுடிதாரா?' என்கிறார்.
இனிஷியலோடு பெயரைச் சொல்கிறேன்.