இருநூற்றுப் பதினான்கு

ஐம்பதாண்டு மலருக்கான வரலாறு
சிங்களத்தில் மூன்று பக்கம் வந்தது.
வெள்ளிக்கிழமைக்குள் தமிழாக்க வேண்டும்.
நான் பதிவாளர் கிளை, மொழிபெயர்ப்பாளர், தரம் இரண்டு.

கூடவே ஒரு படம்.
பெட்டிகள், பெட்டிகளைக் கட்டிய கோடுகள்.
உச்சியில் வேந்தர்,
பட்டமளிப்பன்று வந்து போவார்.
கீழே துணைவேந்தர்,
நாள் தவறாமல் கையெழுத்திடுவார்.

கண்டியின் கடைசி வேந்தனைக் கப்பலேற்றி
இருநூறு வருஷமாகிறது,
துணைக்கு மட்டும் இன்னும் விண்ணப்பம் கோருகிறோம்
என்றேன் விக்கிரமரத்னவிடம்.
அவருக்குத் தமிழ் தெரியும். சிரிக்கவில்லை.
"பெட்டிக்குள் சொல் அடங்குதா பாருங்க மிஸ்."

அடங்கவில்லை.
பேரவை அடங்கியது, அது பணத்தைப் பார்ப்பது.
மூதவை அடங்கியது, அது பாடத்தைப் பார்ப்பது.
(மூப்புக்குக் குறைவில்லை.
கோரம் போதாமல் கலைந்த கூட்டங்கள்
குறிப்பேட்டில் பதினொன்று.)
பீடாதிபதிதான் கோட்டைத் தாண்டி
நிதியாளர் பெட்டிக்குள் கால் நீட்டினார்.
நிஜத்திலும் அப்படித்தான்.

பீடம்.
எங்கள் டிவிஷனில் அது
பன்னிரண்டாம் நம்பர் மலையில் மூன்று கல்,
ஒரு சூலம், கொழுந்து நாளில் கட்டிய மஞ்சள் துணி.
இங்கே ஏழு பீடங்கள்.
பலி கேளாதவை என்று எழுதலாம்.
மீள்பரீட்சைப் பட்டியல் பார்த்தவர்கள்
ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி:
முதல் வருஷம் சேர்ந்த மாணவர் 213.
எண்ணைக்கூட எண்ணிப் பார்த்தே எழுதுவது
என் கெட்ட பழக்கம்.

கீழ்த்தளத்தில் பழைய பேரேடுகள்.
ஹந்தானையில் பெய்யும் மழை
சுவர் வழியே மெல்ல இறங்கி வரும் அறை.
விளக்குக்குக் கீழே விரித்து
விரல் வைத்து எண்ணினேன்.

இலக்கம் நூற்று எண்பத்தேழு.
மு. ஆவடையப்பன். விஞ்ஞான பீடம்.
முகவரி: பெரிய துரை மேற்பார்த்து.
மேலேயும் கீழேயும் எல்லோருக்கும்
பிரஜாவுரிமை நிரலில் ‘பரம்பரை’.
அவனுக்குப் பென்சிலில் ஒரு கேள்விக்குறி,
ஐம்பது வருஷமாக அழியாத பென்சில்.

விடுதிக் கட்டணம், இரண்டு தவணை, செலுத்தியாயிற்று.
ஆய்வுகூட முற்பணம் ரூபா பதினைந்து.
உடைந்த பியூரெட் ஒன்றுக்குக் கழிவு
இரண்டு ரூபா ஐம்பது சதம்.
மீதி பன்னிரண்டு ஐம்பது.
பெற்றவர் கையெழுத்து: வெறுமை.
பிறகு இலக்கத்தின் மேல்
அடிமட்டம் வைத்து இழுத்த சிவப்புக் கோடு.
ஓரத்தில் ஒரே சொல், இந்தியா.

இவனுக்கும் ஒரு கப்பல்.

நிதியாளர் கிளைக்கு அழைத்தேன்.
பியசீலி விதியைப் படித்தாள்:
கோரப்படாத முற்பணம்
ஆறு வருஷத்தில் பொது நிதிக்குப் போகும்.
பொது நிதி அப்போது எங்கே போனது?
தேடிப் பார்த்துச் சொன்னாள்,
நூலகக் கூரைக்கு.
பன்னிரண்டரை ரூபாவுக்கு எத்தனை ஓடு வரும் என்று
இருவரும் கொஞ்சநேரம் யோசித்தோம்.
அந்தக் காலத்து விலை
இருவருக்குமே தெரியவில்லை.

தமிழ்ப் பிரதியில் 214 என்று அடித்தேன்.
அடிக்குறிப்பு போடவில்லை.
போட்டால் ஆசிரியர் குழு கூடும்,
குழு கூடினால் உபகுழு பிறக்கும்,
உபகுழுவுக்கும் ஒரு பெட்டி வரையவேண்டும்.

வியாழன் பின்னேரம் ஒப்புநோக்க வந்த
விக்கிரமரத்ன கண்ணாடியைத் துடைத்தார்.
"சிங்களத்தில் பதின்மூன்று. உங்களதில் பதினான்கு."
பேரேட்டை அவர் பக்கம் தள்ளினேன்.
உதடசையாமல் எண்ணினார்.
நூற்று எண்பத்தாறுவரை வேகமாகத்தான் போனார்.
சிவப்புக் கோட்டருகே விரல் நின்றது.
அதன் மேல் போகவுமில்லை, கீழே இறங்கவுமில்லை.
வெளியே கடைசி பஸ்ஸுக்கு
மாணவர்கள் நனைந்தபடி ஓடினார்கள்.

"இங்கிலிஷ் பிரதி
அச்சுக்குப் போயிட்டுதே," என்றார் மெதுவாக.
"அதில் எத்தனை போட்டிருக்காங்க?"

எனக்குத் தெரியாது என்றேன்.
விரலை எடுக்காமலே
இடது கையால்
தொலைபேசியைத் தன் பக்கம் இழுத்தார்.