நடவடிக்கைக் குறிப்பு

பக்கம் ஏழு. பாலத்தடி வளைவில் விளக்கு வேண்டுமென
கவுன்சிலர் டெரெக் மகில்வீன் முன்மொழிந்தார்.
விளக்கு நம் அதிகாரத்தில் இல்லை என்றார் செயலர்.
நமக்குள்ளது குப்பைத்தொட்டி, நாய் உரிமம்,
நீச்சல்குளம், இடுகாடு.
பெல்ஃபாஸ்டில் துறைக்குக் கடிதம் போகும்.
எழுதிக்கொண்டேன்.

அந்த வளைவில் எண்பத்தெட்டு வரை விளக்கு இருந்தது.
ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரோ கல்லால் அடித்தார்கள்.
திங்கள் விடியுமுன் அவ்வழியே ரொட்டி வண்டி வந்தது.
தடயம் என்று போலீஸ் தொடவிடவில்லை;
மூன்று நாள் மழையில்
ரொட்டிகள் சாலையோடு சாலையாய் ஊறின.
யாரும் பிடிபடவில்லை.
இது குறிப்பில் வராது.

மகில்வீன் பதினோரு வருஷம் உள்ளே இருந்தார்,
வேறொரு வழக்கில்.
அஞ்சல் வழியில் புவியியல் படித்தார்,
ஆறுகள் தடம் மாறுவது பற்றி.
வெளியே வந்தவரைக் கட்சி
முதலில் சுவரொட்டி ஒட்டச் சொன்னது,
பிறகு சுவரொட்டியில் ஒட்டியது.
ஒருமுறை தோற்றார். மறுமுறை
ஆறாம் சுற்றில், அடுத்தவர்களின் உபரி வாக்கில் ஏறிவந்தார்.
அவர் பெயருக்கு நேரே ஒன்று போடக் கூசியவர்கள்
நான்கு போட்டிருந்தார்கள்.
யார் யாரென்று கேட்காதீர்கள்.

நல்லவர் என்று சொல்லமாட்டேன். வேலைக்காரர்.
தொலைந்த விண்ணப்பத்தைத் தானே உட்கார்ந்து நிரப்புவார்.
கொதிகலன் அணைந்த வீட்டுக்கு நள்ளிரவிலும் போவார்,
எப்போதும் பின்வாசல் வழியாக.
நீச்சல்குளத் திறப்புவிழாவில், ஜூலை வெயிலில்,
எல்லோரும் கால் நனைத்துச் சிரிக்க
இவர் மட்டும் முழுக்கைச் சட்டையின்
மணிக்கட்டுப் பொத்தானைத் தடவிக்கொண்டு நின்றார்.

அம்மாவின் சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் கேட்டு
இரண்டு வருஷம் அலைந்தேன்.
அவர் ஒரு ஃபோன் செய்தார். ஒன்பதாம் நாள் சிமெண்ட் வந்தது.
யாருக்கு நன்றி சொல்லணும் என்றாள் அம்மா.
கவுன்சிலுக்கு என்றேன்.
ரொட்டி வண்டி ஓட்டிய ஓவன் ட்ரெய்னர்
அவளுக்குத் தம்பி.
எனக்குத் தாய்மாமன்.

எந்த இடம் என்று கடிதத்தில் துல்லியமாகச் சொல்லவேண்டும்,
என்றார் செயலர், வரைபடத்தை விரித்தபடி.
மகில்வீன் வரைபடத்தைப் பார்க்கவில்லை.
"பாலத்திலிருந்து நாற்பது அடி.
புதர்வேலியில் சந்து இருக்குமே,
அதற்கு நேர் எதிரே."

அங்கே வேலி இல்லை.
தொண்ணூற்றிரண்டில் சாலையை அகலப்படுத்தியபோது
வேரோடு பிடுங்கிவிட்டார்கள்.

பேனா நின்றது. அவரும் நின்றார்.
ஹீட்டர் மட்டும் கடகடத்தது.
எத்தனை அடி என்றீர்கள், கேட்டேன்,
காது கேட்காதவள் போல.
கோட்டை எடுத்து மடித்துக் கையில் போட்டுக்கொண்டே,
கொஞ்சம் தாழ்ந்த குரலில்,

நாற்பது, என்றார்.

எழுதிக்கொண்டேன்.