குழி எண் பதினேழு

ஊவா பரணகமவுக்கு மேலே, தேயிலை முடிந்து
உருளைக்கிழங்கு தொடங்கும் சரிவில்
ஒன்றரை மீட்டர் ஆழக் குழி.
வெட்டியது சிவபாக்கியம்.
கான்வெட்டில் தேய்ந்த மம்பட்டி;
சுவர் நான்கும் கத்தியால் அறுத்தாற்போல் செங்குத்து.

விஜேகோன் ஐயா உள்ளே இறங்கிக்
கட்டியொன்றைப் பிட்டு, நிறப்புத்தகத்தின் துளைக்குப் பின்னே பிடித்து
எண் சொல்கிறார். எழுதுகிறேன்.
“வெத்தில துப்பின நெறம்னு எழுதுங்க,”
மேலேயிருந்து ஒரு குரல்.

அடுத்தது என் வேலை.
ஒரு பிடி மண்ணில் போத்தல் தண்ணீர் விட்டுப் பிசைந்து
பெருவிரலால் நாடாவாகத் தள்ளவேண்டும்.
மணலென்றால் அப்போதே உதிரும்.
இது நீள்கிறது, சுட்டுவிரலைத் தாண்டித் தொங்குகிறது,
ஐந்து சதமமீட்டர் கடந்து
தன் பாரத்தில் தானே அறுகிறது.
களி.

முருங்கனில் இரண்டு வருடம் இருந்தேன்.
அங்கே களி கறுப்பு. மாரியில் ஊதிச்
சைக்கிள் சில்லைப் பிடித்துக்கொள்ளும்.
கோடையில் கை நுழைய வெடிக்கும்;
என் பேனா ஒன்று இன்னும் அதற்குள்தான்.
மலைக்களிக்கு அந்தக் கோபமில்லை.
ஊதாது, பிளக்காது.
எத்தனை லட்சம் வருட மழையோ
பாறையின் சுண்ணத்தைக் கழுவிப் பொட்டாசைக் கழுவி
கொண்டுபோக முடியாத இரும்பை விட்டுப் போனது.
அதுதான் இந்தச் சிவப்பு.
உரம் கொட்டினால் பாதி ஆற்றுக்கு.
பொசுபரசை மட்டும் முஷ்டி மடக்கிப் பிடித்து
வேர் கேட்டாலும் தராது.

எண்பது சதமமீட்டரில்
வெள்ளைப் படிகக்கற்கள் ஒரு வரி, கோணலாக,
மூன்று சுவர்களிலும்.
“இதுக்குக் கீழ, இங்கேயே ஆன மண்.
மேல உள்ளது சரிஞ்சு வந்தது.”
“எப்ப வந்துச்சு?”
“கோப்பிக்கு முந்தி. மனுசருக்கே முந்தியாயிருக்கும்.”
சிவபாக்கியம் குழிக்குள் குதித்து
வரிக்கு மேலே ஒருமுறை, கீழே ஒருமுறை
உள்ளங்கையை வைத்தாள்.
“ரெண்டும் ஒரே குளிருதான்.”

படிவத்தில் ஒரே கட்டம்:
தாய்ப்பாறைமேல் விளைந்ததா, இடம்பெயர்ந்ததா.
ஐயா வில்லையைக் கண்ணில் வைத்தார்.
நீர் இறக்கிய நுண்களி
மண்ணின் சந்துபொந்தெல்லாம் மெழுகியிருந்தது,
வரிக்கு மேலும், வரிக்குக் கீழும்.
கிழட்டுத் தேயிலையின் ஆணிவேர் ஒன்று
கற்களுக்கிடையே நெளிந்து இறங்கியிருந்தது.
செம்மஞ்சள் பொட்சொலிக் என்று எழுதச் சொன்னார்.
கட்டத்தை விட்டுவிடச் சொன்னார்.

குழியை மூடினால் மண் மிஞ்சும், எப்போதும்.
மிதித்தும் கணுக்கால் உயரம் ஒரு மேடு.
சிவபாக்கியம் யூரியா சாக்கை விரித்தாள்.
வீட்டுத்திட்டத்து ஏழு பேர்ச்சில்
வெறும் கல்லாம், போஞ்சி பிடிக்கவில்லையாம்.
“இத எழுதிராதீங்க.”

தலைக்கேற்ற ஒரு பக்கம் பிடித்தேன்.
ஈரக்களி,
நினைத்ததைவிடப் பாரம்.