அடைப்புக்குறிக்குள்

ஆராதனைப் புத்தகத்தில்
பாவ அறிக்கைக்கும் மன்னிப்புக்கும் நடுவே
சின்ன எழுத்தில் இருக்கும்:
(மௌனம்).

எங்கள் குருவானவர் அதற்கு
ஒரு தும்மலளவு இடம் விடுவார்.
மூன்று தோட்டத்துக்கு அவர் ஒருவர்.
பத்தரைக்கு அடுத்த கோயில்;
வெளியே மோட்டார் சைக்கிள் சூடாறுமுன்
ஆமென் சொல்லியாக வேண்டும்.
அந்தத் தும்மலுக்குள்ளும் ஜெருசன்
கீபோர்டில் எதையாவது மெதுவாக வாசிப்பான்,
வெறுமையாக இருந்தால் சனங்களுக்குக் கூச்சம் என்று.

அந்த ஞாயிறு கரண்ட் இல்லை.
பொகவந்தலாவைப் பாதையில் மண்மேடு சரிந்து
டர்பன்டைன் மரமொன்று குறுக்கே.
போன் வந்தது:
"நீங்களே நடத்துங்க, தேவசித்தம்."

நான் சபை வாசகன்.
மற்ற ஆறு நாளும்
கொழுந்து மடுவத்தில் தராசுக்குப் பக்கத்தில் நிற்பவன்.

பாவ அறிக்கை முடிந்தது.
அடைப்புக்குறி வந்தது.
எத்தனை நேரம் என்று போட்டிருக்கவில்லை.

முதலில் மழை.
பாட்டுக்கு அடியில், பிரசங்கத்துக்கு அடியில்
அது இத்தனை வருசமும்
தகரத்தில் பெய்துகொண்டுதான் இருந்திருக்கிறது.
பிறகு எப்சிபாவின் கைக்குழந்தைக்கு விக்கல்.
பிறகு மேல்கணக்கில் ஒரு நாய்.
பிறகு அதுவும் பழகிப்போய்
ஒன்றுமில்லை.

குனிந்த தலைகள்.
கூடைக்கயிறு ஓடிய இடத்தில்
முடி தேய்ந்து உச்சியில் ஒரு கோடு,
வாங்கு வாங்காக, கோடு கோடாக.
நான் இதைப் பார்த்ததே இல்லை.
மடுவத்தில் என் கண் முள்ளில் இருக்கும்.
முள்ளிலும் இல்லை,
அது நடுங்கி நிற்பதற்குள் எழுதிவிடுவேன்.

இருபத்தொன்று என்றால் பத்தொன்பது.
தண்ணீருக்கு ஒன்று, சாக்குக்கு ஒன்று.
கல் வெடிக்கும் வெயிலிலும் தண்ணீருக்கு ஒன்று.
பதினெட்டு எடுத்தால் முழுப்பேர்.
பத்தொன்பது கொண்டுவந்து
பதினேழாகிப் போன சூசானாளுக்கு
சித்திரையில் மட்டும் நாலு நாள் அரைப்பேர்.
அவள் மூன்றாம் வாங்கில் இருந்தாள்,
செருப்பைக் கழற்றிவிட்டு
கால் பெருவிரலால் அட்டைக்கடியைச் சொறிந்தபடி.

"பேர்சொல்லி அழைத்தவரே" என்று
காலையில்தான் ஜெபித்திருந்தேன்.
முழுப்பேரா அரைப்பேரா என்று
அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அடுத்த வரி மன்னிப்பு.
குருவானவர் சொன்னால் "உங்கள் பாவங்களை".
வாசகன் சொன்னால் "எங்கள்".
எனக்கு முந்தியவர் யாரோ
பென்சிலால் அடித்து மேலே எழுதிவைத்திருந்தார்.
எங்கள் என்றால் யார் யார்?
கழித்தவனும் கழிபட்டவளும்
ஒரே பன்மையிலா?
அவளை எந்த உரிமையில் உள்ளே இழுப்பது?

வாயைத் திறந்தேன். வரவில்லை.
சனங்கள் அதையும் மௌனம் என்று எடுத்துக்கொண்டார்கள்.
யாரும் தலை நிமிர்த்தவில்லை.
ஜெருசன் மட்டும்
செத்துக்கிடந்த கீபோர்டில் விரலை வைத்தபடி
என்னைப் பார்த்தான்,
எனக்கும் கரண்ட் போய்விட்டதோ என்பதுபோல.

விக்கல் எப்போது நின்றதென்று தெரியாது.

"என் பாவங்களை" என்றேன் கடைசியில்.
புத்தகத்தில் இல்லாத சொல்.
வாய்தவறியது என்றே எல்லாரும் நினைத்திருப்பார்கள்.
சூசானாளின் கால்விரல் நின்றது.
அட்டைக்கடி ஆறியிருக்கலாம்.

திங்கட்கிழமை
முள் நிற்கும்வரை நின்றேன்.
இருபது. சத்தமாகச் சொன்னேன், இருபது என்றே எழுதினேன்.
அவள் படங்கை உதறி இறுக்கிக் கட்டிக்கொண்டு
ஒன்றும் சொல்லாமல் மலைக்கு ஏறினாள்.

அடுத்து எப்சிபா. இருபத்திரண்டு.
வளைவில் சின்னத்துரையின் பைக் சத்தம் கேட்டது.
இருபது என்று எழுதினேன்.
அவளும் ஒன்றும் சொல்லவில்லை.
முள் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.